கொல்லைப்புறத்தில் ஒரு ராணுவ மைதானம்!

ஒரு மரப்பலகை. எட்டடி நீளம். தரையிலிருந்து அரையடி உயரம்கூட இருக்காது.

போன வருஷம் என் மகனின் பள்ளி விளையாட்டு விழாவில், யு.கே.ஜி. வாண்டுகளுக்காக வைத்திருந்த ஐட்டம் அது. பலகை மேல் நடந்து போய் அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு வாண்டாக 'ஹோ'வென்று கத்திக்கொண்டு ஓடி, குதித்து, மிஸ்ஸிடம் சாக்லேட் வாங்கிக்கொண்டு போனது.

என் பையனின் முறை வந்தது. மூன்றடி நடந்தான். நின்றான். கீழே பார்த்தான். மெரீனா லைட்ஹவுஸ் உச்சியில் நிற்கிறவன் மாதிரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "அப்பா..." என்று ஒரே அலறல்!

மிஸ் ஓடி வந்து தூக்கி இறக்கினார். அதோடு விட்டிருக்கலாம். நேராக என்னிடம் வந்து, "தப்பா நினைக்காதீங்க சார்... வீட்ல இவனை விளையாட விடுவீங்களா?" என்றார்.

"நல்லா விளையாடுவானே மேடம்!" என்றேன், ரோஷமாக.

"என்ன விளையாடுவான்?"

பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். 'செல்போனில் கார் ரேஸ்' என்று எப்படிச் சொல்வது?

'எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, இதெல்லாம் எதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் பிரம்மச்சாரி நண்பரே, கொஞ்சம் நில்லுங்கள். அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை என்று ஏதாவது ஒரு வாண்டு உங்கள் சட்டைப்பையிலிருந்தும் செல்போனைப் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கும். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'விழுந்துடுவே!'

ஒன்றரை வயதில் பையன் வாசல் படியில் உருண்டு விழுந்தான். புருவத்துக்கு மேலே மூன்று தையல். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோ தேடி ஓடியவன் நான். என் சட்டையில் பட்ட அந்த ரத்தக்கறை வெளுத்துப் போன பிறகும் மனசில் போகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு மந்திரம் வந்துவிட்டது. 'விழுந்துடுவே!' நாற்காலி மேல் ஏறினால், 'விழுந்துடுவே!' ஓடினால், 'விழுந்துடுவே!' கட்டிலில் குதித்தால், சொல்லவே வேண்டாம்.

விளையாட்டு விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி ஒரு காரியம் செய்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கெடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் 'விழுந்துடுவே' 23 தடவை! அம்மா 11, நான் 7, அவள் 5. (எண்ணியது அவளே என்பதால் கடைசி எண்ணில் எனக்கு லேசான சந்தேகம் உண்டு.)

"இருபத்து மூணு தடவை சொன்னா, பெரியவங்களுக்கே காலு நடுங்குமே, குழந்தை என்னங்க பண்ணும்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். நான் அந்த வயசில் கொய்யா மரத்தில்தான் குடியிருந்தேன். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. என்னை யாரும் எண்ணவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆள் முழுசாக வந்தானா என்று மட்டும் பார்ப்பார்கள்.

மாடியிலிருந்து ஒரு குரல்

எங்கள் ஹவுஸ் ஓனர் மாடியில் இருக்கிறார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிடையர் ஆனவர். சுவரில் ஒரு ஆணி அடித்தால் துப்பாக்கிச் சத்தம் கேட்ட மாதிரி இறங்கி வந்துவிடுவார். காலண்டர் மாட்டவே மனு கொடுக்க வேண்டும்.

அவரிடம் தயங்கித் தயங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர்ல நான் சேர்றப்ப எனக்குப் பதினெட்டு வயசு. ஒன்பதடிப் பள்ளம் தாண்டணும். முதல் நாள் உள்ளேதான் விழுந்தேன். விழுந்த பிறகுதான் 'சரி, இவ்வளவுதானா'ன்னு தெரிஞ்சுது. மறுநாள் தாண்டிட்டேன். உங்க பையனுக்கு விழவே தெரியாது. அதான் பயப்படுறான். கொல்லையில 'அப்ஸ்டக்கிள்' போடுங்க."

"உங்க... கொல்லையிலயா சார்?"

"சுவத்துல மட்டும் ஆணி அடிக்காதீங்க!"

தாம்பரம் தாண்டி ஒரு புறநகரில் எங்கள் வீடு. கொல்லைப்புறம் முப்பதடிக்குப் பதினைந்தடி. ஒரு கொய்யா, ஒரு முருங்கை, துணி துவைக்கிற கல், அம்மா ஊரிலிருந்து விடாப்பிடியாகக் கொண்டுவந்த கல் உரல் ஒன்று. இதுதான் மைதானம்.

வேலையில் இறங்குமுன் மின்சார ரயிலில் போக வர இது பற்றிக் கொஞ்சம் படித்தேன். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபெர் என்பவர், 1902-ல் மார்ட்டினிக் தீவில் எரிமலை வெடித்தபோது மக்களைக் காப்பாற்றும் வேலையில் இருந்தவர். பிறகு உடற்பயிற்சி முறை ஒன்றை வகுத்தார். நடப்பது, ஓடுவது, தவழ்வது, ஏறுவது, தாண்டுவது, தடுமாறாமல் நிற்பது, எறிவது, தூக்குவது, தற்காத்துக்கொள்வது, நீந்துவது. ஆக, பத்து. தடைகளைத் தாண்டி ஓடும் பயிற்சிக்களம் என்ற யோசனை பரவியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு சுவையான சங்கதி. டென்மார்க்கில் சோரென்சன் என்ற தோட்டக்கலை நிபுணர் அழகழகாக விளையாட்டு மைதானங்கள் அமைத்துக் கொடுத்தார். பிள்ளைகளோ அதை விட்டுவிட்டு, வீடு கட்டுகிற இடத்தில் கிடக்கும் பலகை, செங்கல்லோடு விளையாடப் போய்விட்டன! அதைக் கவனித்து அவர் சொன்ன யோசனைப்படி, 1943-ல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரூப்பில் பழைய சாமான்களைப் போட்டே ஒரு மைதானம் திறந்தார்கள். ஜெர்மானியப் படை ஊரைப் பிடித்து வைத்திருந்த காலம் அது! பழைய சாமானுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா என்ன?

ஆறு தடைகள்

1. டயர்: பஞ்சர் கடையில் ஆறு பழைய டூ-வீலர் டயர். இரண்டு டீ வாங்கிக் கொடுத்ததில் இலவசம். இரண்டு வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்துத் தாவிப் போக வேண்டும். டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இன்னொன்று முக்கியம். டயருக்குள் மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு கொசுவுக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். டிரில்லிங் மெஷினால் அடிப்பக்கம் நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள். பிள்ளைகளை விடுமுன் தினம் ஒரு தடவை டயரைத் தட்டிப் பாருங்கள். ஒரு நாள் உள்ளேயிருந்து விரல் நீளத்துக்குப் பூரான் ஒன்று வந்து எனக்கு 'குட்மார்னிங்' சொன்னது.

2. கயிற்றுக் கட்டில்: அடியில் தவழ்ந்து போக. அம்மாவுடைய கட்டில். "நான் எங்கடா படுப்பேன்?" என்றாள். "விளையாடி முடிச்சதும் உள்ள போட்டுடறேம்மா" என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

3. பலகை: அதே எட்டடி. கட்டடம் கட்டுகிற இடத்தில் விலைக்கு வாங்கிய பழைய சென்ட்ரிங் பலகை. ஆணிகளைப் பிடுங்கி, சிலாம்பு ஏறாமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்ததில் பையன் கையில் ஏறாத சிலாம்பு என் கையில் ஏறியது. முதல் வாரம் பலகையைத் தரையிலேயே போட்டேன். அடுத்த வாரம் இரண்டு முனையிலும் ஒரு செங்கல். அதற்கப்புறம்தான் இரண்டு.

4. உரல்: ஏறி நின்று மணலில் குதிக்க. ஒன்றரையடி உயரம்தான். பக்கத்து வீட்டில் கட்டட வேலை முடிந்து மிஞ்சிய மணலைச் சலித்து, அரையடிக்குப் பரப்பினேன். அதில் கொஞ்சத்தைப் பலகையின் இரண்டு பக்கமும் போட்டேன். ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் தெருப்பூனைகள் அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும்.

5. கயிறு: முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஆட. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

6. பாண்டிக் கட்டம்: சுண்ணாம்பால் கோடு போட்டு, ஒற்றைக்காலில் நொண்டிப் போய், கடைசியில் துணி கட்டுகிற கம்பத்தில் மாட்டியிருக்கும் பழைய சைக்கிள் பெல்லை 'டிரிங்' என்று அடிக்க வேண்டும். (கவனிக்க: கம்பத்தில்தான். சுவரில் இல்லை!)

மொத்தச் செலவு, டீ உள்பட, 900 ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலுக்குக் குடும்பத்தோடு போனால் பாப்கார்னோடு சரி!

வேதாளம் ஏறிய மரம்

கயிறு விஷயம். முருங்கைக் கிளை வாட்டமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கட்டினேன். பையனை விடுமுன் நாமே சோதித்துவிடலாம் என்று நல்ல புத்தி வந்து, பிடித்துத் தொங்கினேன். என் எடை 78 கிலோ. 'மளுக்'கென்று ஒரு சத்தம். அடுத்த விநாடி நான், கயிறு, கிளை, முருங்கைப்பூ எல்லாம் ஒன்றாகத் தரையில்.

அம்மா ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கிளையைப் பார்த்தாள். "முருங்கை பொசுக்குனு ஒடியும்னு ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமேடா! படிச்சவனாம்!" அன்று ராத்திரி முருங்கைப்பூப் பொரியல், மறுநாள் முருங்கைக்கீரை அடை.

விக்கிரமாதித்தன் மாதிரி மனம் தளராமல் கயிற்றைக் கொய்யா மரத்துக்கு மாற்றினேன். கொய்யாக் கிளை வளையும், லேசில் ஒடியாது. அதுவும் தடித்த கிளையாகப் பார்த்துக் கட்டி, மறுபடியும் 78 கிலோவைத் தொங்கவிட்டுப் பார்த்தாயிற்று. எந்தச் சாமானாக இருந்தாலும் முதலில் நீங்கள் சோதியுங்கள். மானம் போனாலும் பரவாயில்லை.

சுபேதார் மேலிருந்தே மேற்பார்வை பார்த்துச் சொன்ன சட்டதிட்டங்களையும், நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். விளையாடும்போது கழுத்தில் செயின், துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு எதுவும் கூடாது. விளையாடி முடிந்ததும் தொங்கும் கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்துவிட வேண்டும். மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் சந்து எங்கேயும் இருக்கக் கூடாது. சின்னக் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஏறிக் குதிக்கும் இடத்தைச் சுற்றி ஆறடிக்குக் கல், தொட்டி, குழாய் எதுவும் கூடாது. இறுகின மண்ணையும் புல்லையும் நம்பாதீர்கள். தலை அடிபட்டால் சிமெண்ட் தரைக்கு அண்ணன் தம்பிதான் அவை. சத்தமில்லாமல் தாங்குவது சலித்த மணல்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், செல்போனைப் பார்க்காமல்! ஐந்து வயதில் போடுகிற முத்தடுப்பு பூஸ்டர் ஊசி போட்டாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லை இல்லாத ஃப்ளாட்வாசிகள் ஏங்க வேண்டாம். தலையணை மலை, நாற்காலி மேல் பழைய நூல்புடவை போட்ட குகை, தரையில் சாக்பீஸ் கோடு, இவை போதும். மொட்டை மாடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

திறப்பு விழா

ஒரு சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டுப் பெற்றோரிடம் முன்னாடியே சொல்லிவிட்டு, தெருவில் நாலு வாண்டுகளை அழைத்தாயிற்று. வந்ததும் வராததுமாகப் புகுந்து விளையாடின. டிரிங்! டிரிங்! டிரிங்!

என் பையன் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். டயர் வரைக்கும் வந்தான். கட்டிலடியில் தவழ்ந்தான். பலகையைக் கண்டதும் திரும்பிவிட்டான்.

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று செல்போனில் ஸ்டாப்-வாட்சை எடுத்து, "யார் சீக்கிரம் போறாங்கன்னு பார்க்கலாமா!" என்றேன். உதடு பிதுங்கியது. உள்ளே ஓடியவன், மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

சுபேதார் கூப்பிட்டார். "தம்பி, அந்தக் களம் யாருக்கு? அவனுக்கா, உங்களுக்கா? அடுத்த விளையாட்டு விழாவில அந்த மிஸ் முன்னாடி நீங்க ஜெயிக்கணும்னு போட்டதா?"

சுருக்கென்றது. பொய் சொல்வானேன், அதுதான் உண்மை.

அதற்குப் பிறகு வாட்ச் இல்லை, பந்தயம் இல்லை. 'வா' என்றும் சொல்லவில்லை, 'விழுந்துடுவே' என்றும் சொல்லவில்லை. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு வாய் அடங்க, அந்த நேரத்தில் வெற்றிலை போட்டுக்கொள்ளச் சொன்னோம்.

ஒன்பதாம் நாள். ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்திருந்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி சைகை காட்டினாள். கொல்லையில் பையன் தனியாக, பலகையின் மேல். நாங்கள் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. ஒரு கால். அடுத்த கால். நாலடி போயிருப்பான். பலகை லேசாக ஆடியது. விழுந்தான்.

அம்மா வெற்றிலையோடு வாயைத் திறந்தாள். மாடிப் படியில் நின்றிருந்த சுபேதார் டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். பையன் தலையைத் தூக்கினான். ஜன்னலில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டான். நீங்களும் கவனித்திருப்பீர்கள். குழந்தை விழுந்ததும் அழாது. முதலில் நம் முகத்தைப் பார்க்கும். 'இது அழ வேண்டிய விஷயமா?' என்று நம்மிடம் கேட்கும். நாம் பதறினால்தான் 'ஓ'வென்று ஆரம்பிக்கும்.

என் மனைவி, சாம்பாருக்கு உப்பு பார்க்கிற குரலில், "மண்ணைத் தட்டிட்டு மறுபடி போடா கண்ணா" என்றாள். அவ்வளவு சாதாரணமாக. அந்த நேரத்தில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் நாலு நகமும் பதிந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் முட்டியைப் பார்த்தான். லேசாகச் சிராய்ப்பு. மண்ணைத் தட்டினான். ஏறினான். அன்றைக்கு நாலு தடவை விழுந்தான். ஐந்தாவது தடவை...

டிரிங்!

மாடியிலிருந்து ஒரு சல்யூட் வந்தது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் தினம் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், அதில் ஒரு மணி நேரம் நன்றாக மூச்சு வாங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. திரை முன் உட்காருவது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. ஐந்து வயதுக்கு மேல் தினம் சராசரியாக ஒரு மணி நேர மூச்சு வாங்கும் விளையாட்டு. எங்கள் வீட்டில் இப்போது கணக்கெடுக்க யாருக்கும் நேரமில்லை. கார் ரேஸ் மட்டும் இன்னும் இருக்கிறது, மழை நாளில்.

இந்த வருஷ விளையாட்டு விழா நெருங்குகிறது. விசாரித்ததில் ஒன்றாம் வகுப்புக்குப் பலகை ஐட்டமே கிடையாதாம்! எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. பையன் கண்டுகொள்ளவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையைப் பிடித்து இழுத்தான். "நீ போப்பா! நீ ஒரு தடவைகூடப் போனதில்லையே!"

தெரு வாண்டுகள் கூடிவிட்டன. மாடியில் சுபேதார். ஜன்னலில் மனைவி, வெற்றிலையோடு அம்மா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறினேன். அரையடி உயரம்தான். ஏறி நின்று கீழே பார்த்தால் என்னமோ செய்கிறது, சார்! ஐந்தாவது அடியில் பலகை வளைந்தது. கைகளை விரித்தேன். மெரீனா லைட்ஹவுஸ் ஞாபகம் வந்தது. அதற்குள் 78 கிலோவும் மணலில்.

ஒருத்தரும் பதறவில்லை. ஒருத்தரும் சிரிக்கவும் இல்லை. என் பையன் பக்கத்தில் வந்து குனிந்து, பெரிய மனுஷன் மாதிரி முதுகில் தட்டினான்.

"ஒண்ணுமில்லப்பா. மண்ணைத் தட்டிட்டு மறுபடி போ!"